நடிச்சா என்ன தப்பு?



ஆண்டு விழாவுக்கு நம்ம ஊர் காரைக்கால் அம்மையார் கதைய நாடகமா போடுறோம். அம்மையார் வேஷம் எனக்குன்னு டீச்சர் சொன்னாங்க. வீட்ல சொன்னேன். "பொம்பளப் புள்ளைக்கு என்னடி கூத்து?" என்று அப்பாயி ஒரே சத்தம். இப்போ அந்த வேஷம் ஒரு பையனுக்குப் போயிடுச்சு.

1973-ல் வந்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் அம்மையாராக நடித்தவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். அப்பாயிக்கு அந்தப் படம்னா உயிர்!

சுந்தராம்பாள் 1908-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே நாடக மேடை ஏறினார். கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் இறந்தபோது அவருக்கு வயது 25. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டார். ஆனால் மூலையில் உட்காரவில்லை. 1935-ல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் போட்டார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! காங்கிரஸ் மேடைகளில் சுதந்திரத்துக்காகப் பாடினார். 1951-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். நடிச்சா மரியாதை போயிடும்னா, இதுக்குப் பேர் என்ன?

பெண் நந்தனார் ஆகலாம். பையன் அம்மையார் ஆகலாம், அதுவும் தப்பில்லை. பெண், பெண்ணாக நடிக்க மட்டும் கூடாதா? மாங்கனித் திருவிழாவில் அம்மையாரைக் கும்பிடும் ஊர் இது. யோசிச்சுப் பாருங்க.

டீச்சர், ஒரே ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்து அப்பாயிகிட்ட பேசுங்க. வசனம் முழுசும் எனக்கு மனப்பாடம்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி