விலகினால் மறந்து விடுவார்களா? கலைஞர்களும் சமூக வலைதளங்களும்

மாரிக்குப்பத்தில் இருந்து காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரெயிலில் நிற்பதற்கும் இடம் இருக்காது. கோலார் தங்கச் சுரங்கம் 2001-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ந் தேதி மூடப்பட்ட பிறகு, தங்கவயல் தமிழர்கள் பலரின் பிழைப்பு அந்த ரெயிலை நம்பித்தான் நடக்கிறது.

ஒரு காலத்தில் அந்தப் பெட்டிகளில் சீட்டாட்டமும் பாட்டும் அமர்க்களப்படும். இன்று எல்லோர் கையிலும் செல்போன். அவர்களில் சிலர் வெறுமனே பார்த்துக்கொண்டு போகிறவர்கள் அல்ல. கானா பாடுகிறவர்கள், மேளம் அடிக்கிறவர்கள், படம் வரைகிறவர்கள், மேடையில் ஆடுகிறவர்கள். நேற்று இரவு எடுத்த அரை நிமிடப் படத்தை வெட்டி ஒட்டி, வண்டி பங்காருபேட்டையைத் தாண்டுவதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்பது அவர்களுடைய அவசரம்.

ஏற்றாவிட்டால் என்ன ஆகும்? நாலு நாள் காணாவிட்டால் ஜனங்கள் மறந்து விடுவார்கள் என்ற பயம்தான். இந்தப் பயம் தங்கவயல் இளைஞருக்கு மட்டும் உரியது அல்ல. இந்தியா முழுவதும் கலையை நம்பி வாழ்கிற பலருக்கு இன்று இருக்கிறது. வலைதளத்தில் இருந்தால் வேலை செய்ய நேரம் இல்லை. விலகினால் வேலையே வராதோ என்ற சந்தேகம். இதற்கு நடுவே வழி உண்டா?

பெரியவர்கள் விலகிய கதை

இந்தி நடிகர் அமீர்கான் 2021-ம் ஆண்டு மார்ச் மாதம், தனது 56-வது பிறந்த நாளுக்கு மறுநாள், சமூக வலைதளங்களை விட்டு விலகுவதாக அறிவித்தார். தன்னைப் பற்றியும் தன் படங்களைப் பற்றியும் இனி வரும் செய்திகளை தனது படக் கம்பெனியின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் அதில் தெரிவித்து இருந்தார்.

தமிழ்ப்பட டைரக்டர் லோகேஷ் கனகராஜ், ‘விக்ரம்’ வெளியாகி ஓடிய பிறகு 2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சிறிது காலம் ஒதுங்கி இருக்கப் போவதாகச் சொன்னார். 2025-ம் ஆண்டு ஏப்ரலில், ‘கூலி’ படத்தின் விளம்பர வேலைகள் தொடங்கும் வரை வரமாட்டேன் என்று மறுபடியும் விடைபெற்றார். அதனால் ரசிகர்களின் எதிர்பார்ப்பு குறைந்து விடவில்லை.

இதைப் பார்த்து, ‘அவர்களே விலகுகிறார்கள், நமக்கு என்ன?’ என்று ஒரு நாதசுரக்காரரோ நாட்டிய ஆசிரியையோ நினைத்தால், அது தவறான கணக்கு. அமீர்கான் பேசாவிட்டால் அவருடைய கம்பெனி பேசும். லோகேஷ் எழுதாவிட்டால் பத்திரிகைகள் எழுதும். அல்சூரில் ஒரு சிறிய அறையில் 20 பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லித்தரும் பெண்ணுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? அவர் விலகினால் உண்மையிலேயே காணாமல் போகக்கூடும்.

எனவே அவருடைய பயத்தை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால், அந்தப் பயத்துக்கு அவர் தேடிக்கொண்ட பாதுகாப்பு உண்மையில் பாதுகாப்புதானா என்று பார்க்க வேண்டும்.

ஒரே அறிவிப்பில் போனது

2020-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிர்த்தியாகம் செய்தனர். அதே மாதம் 29-ந் தேதி மத்திய அரசு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ் 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. அவற்றில் ஒன்று டிக்டாக்.

அப்போது இந்தியாவில் அதைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 20 கோடி பேர் என்று சொல்லப்பட்டது. கிராமத்துக் கூத்துக் கலைஞர், தையல்காரர், ஆட்டோ டிரைவர் என்று மேடையே ஏறாத பலருக்கு அதில் லட்சக்கணக்கில் ரசிகர்கள் இருந்தார்கள். இரண்டொரு நாளில் திரை இருண்டது. நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு அரசு எடுத்த முடிவு அது. அதைப் பற்றி இங்கே விவாதம் இல்லை. ஆனால் அந்தக் கலைஞர்களின் கையில் மிஞ்சியது என்ன? ரசிகர் ஒருவருடைய முகவரி கூட மிஞ்சவில்லை.

அடுத்த சில வாரங்களில் இன்ஸ்டாகிராமின் ‘ரீல்ஸ்’ வந்தது. செப்டம்பரில் யூடியூப்பின் ‘ஷார்ட்ஸ்’ வந்தது. பலர் அங்கே போய் முதல் படியில் இருந்து ஏறத் தொடங்கினார்கள். சிலரால் பழைய இடத்தை எட்ட முடியவில்லை.

தடையால்தான் இப்படி ஆகும் என்பதும் இல்லை. இந்தியர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்த ‘ஆர்குட்’ 2014-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி மூடப்பட்டது. கூகுள் நிறுவனத்தின் ‘கூகுள் பிளஸ்’ 2019-ம் ஆண்டு ஏப்ரலில் மூடப்பட்டது. நமது பெங்களூரிலேயே பிறந்த ‘கூ’ செயலி, இந்திய மொழிகளுக்கு என்று 2020-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சுமார் 6 கோடி முறை செல்போன்களில் இறக்கப்பட்ட அந்தச் செயலியை, நடத்தக் கட்டுப்படி ஆகாமல் 2024-ம் ஆண்டு ஜூலையில் மூடிவிட்டார்கள்.

பத்து ஆண்டுகளுக்குள் நான்கு. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு கலைஞர் தன் பொழுதையெல்லாம் கொட்டி இருக்கிறார்.

வரிசையை மாற்றுவது யார்?

மூடப்படாத தளங்களிலும் நிலைமை நிச்சயமானது அல்ல. இன்ஸ்டாகிராமில் முன்பு படங்கள் ஏற்றப்பட்ட நேர வரிசையில் வந்தன. 2016-ம் ஆண்டில் அது மாற்றப்பட்டு, யாருக்கு எதைக் காட்டுவது என்பதை எந்திரக் கணக்கு முடிவு செய்யத் தொடங்கியது. பேஸ்புக் 2018-ம் ஆண்டு ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினர் போடும் பதிவுகளுக்கே இனி முதல் இடம் என்று அறிவித்தது. அதனால் பொதுப் பக்கங்களை நடத்தி வந்தவர்களின் பதிவுகள் போய்ச் சேர்வது குறைந்தது.

அதாவது, பத்தாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்றால், பத்தாயிரம் பேரும் பார்க்கிறார்கள் என்று பொருள் அல்ல. யாருக்குக் காட்டுவது என்பது கம்பெனியின் விருப்பம். காட்டவேண்டும் என்றால் தினமும் புதிதாக ஏதாவது போட வேண்டும். அதுவும் அந்த வாரத்தில் எந்தப் பாட்டு ஓடுகிறதோ அந்தப் பாட்டுக்குப் போட வேண்டும். மூன்று மணி நேரம் ராக ஆலாபனை பழக வேண்டிய வித்வான், அரை நிமிடத் துண்டுக்கு மூன்று மணி நேரம் செலவழிக்கிறார். வாரம் ஒரு நாள் என்றால் சமாளிக்கலாம். தினமும் என்றால் வித்தை தேய்ந்து போகும்.

2021-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி இரவு பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்-அப் மூன்றும் ஒரே சமயத்தில் சுமார் 6 மணி நேரம் நின்றுபோனது வாசகர்களுக்கு நினைவு இருக்கலாம். மூன்றும் ஒரே கம்பெனியின் கையில் இருப்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

இரண்டும் வேறு வேறு

இந்தப் பிரச்சினையில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தினமும் கண்ணில் படுவது ஒன்று. தேடினால் கிடைப்பது மற்றொன்று.

கலைஞருக்குத் தொழில் தருபவர் யார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கோவில் திருவிழாவுக்கு மேளம் பேசுகிறவர், கல்யாண வீட்டார், பிள்ளையை நாட்டிய வகுப்பில் சேர்க்க நினைக்கும் தாயார், புத்தகத்துக்கு அட்டைப்படம் தேடும் பதிப்பாளர். இவர்கள் தேவை வரும்போது தேடுகிறார்கள். யாரிடமாவது விசாரித்து ஒரு பெயரைக் கேட்டுக்கொண்டு, அந்தப் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். அப்போது கலைஞரின் வேலையும் போன் நம்பரும் கிடைக்க வேண்டும். அவர் நேற்று என்ன சாப்பிட்டார் என்பது அவர்களுக்கு வேண்டியது இல்லை.

தேடினால் கிடைப்பதன் பலத்துக்குத் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது. ‘மதுரைத் திட்டம்’ 1998-ம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கப்பட்டது. தமிழ் இலக்கியங்களைத் தொண்டர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். நடனம் இல்லை, பாட்டு இல்லை. ஆனாலும் கால் நூற்றாண்டுக்கு மேலாக, ஒரு பழைய பாடலைத் தேடுகிறவர் அங்கே போய் நிற்கிறார்.

எழுத்தாளர் ஜெயமோகன் மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்ற பெயரில் 2014-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் இணையதளத்தில் தினம் ஒரு அத்தியாயமாக வெளியிட்டார். 2020-ம் ஆண்டு ஜூலையில் 26 நாவல்களாக அது முடிந்தது. அவரும் தினமும் வாசகர் முன்னால் வந்தார்தான். ஆனால் அவர் கொடுத்தது, தன் வேலையையே. வைத்த இடமும் தனக்கென்று அமைத்த தளம். இன்று முதல் அத்தியாயத்தைத் தேடுகிறவருக்கும் அது கிடைக்கிறது. அரை நிமிடத் துண்டுகள் போட்ட மறுவாரமே எங்கோ அடியில் போய்விடுகின்றன.

என்ன செய்யலாம்?

சமூக வலைதளக் கணக்கை ஒரே நாளில் அழித்துவிட்டுப் போக வேண்டியது இல்லை. அது அவசரப்பட்ட காரியம். முதலில் வேறு இடத்தில் கால் ஊன்றிக்கொள்ள வேண்டும்.

சொந்தப் பெயரில் ஒரு இணைய முகவரி வாங்க ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில்தான் செலவாகும். அதில் ஒரே ஒரு பக்கம் இருந்தால் போதும். பெயர், கலை, ஊர், நல்ல புகைப்படம், முழுமையாகப் பதிவான இரண்டு மூன்று நிகழ்ச்சிகள், தொடர்பு நம்பர். பெங்களூர்க் கலைஞர் என்றால் இந்த விவரங்களைத் தமிழில் மட்டும் அல்லாமல் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைப்பது நல்லது. படத்துக்குள் பெயரைப் பொறித்தால் மட்டும் போதாது. எழுத்தாகத் தட்டி வைத்திருந்தால்தான் தேடுகிறவருக்குச் சுலபமாக அகப்படும். வகுப்பு நடத்துகிறவர்கள் கூகுள் வரைபடத்தில் இடத்தைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் கிடையாது.

அடுத்தது, ஒரு பட்டியல். அழைத்தவர்கள், பாராட்டியவர்கள், பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் ஆகியோருடைய போன் நம்பரையும் மின்னஞ்சலையும் அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை நிகழ்ச்சி விவரத்தை அவர்களுக்கு அனுப்பலாம். எந்தச் செயலி மூடினாலும் இந்த நோட்டு போகாது. அந்தக் காலத்து நாடகக் கம்பெனி மானேஜர்கள் ஊர் ஊராக வைத்திருந்த முகவரிப் புத்தகம் போன்றதுதான் இது.

மூன்றாவது, வலைதளத்தை விளம்பரப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்வது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பதிவுகளை முன்கூட்டியே தயார் செய்து, குறித்த நேரத்தில் தானாக வெளியாகும்படி வைக்கிற வசதி இருக்கிறது. மற்ற நாட்களில் செயலியைப் போனில் இருந்து எடுத்துவிடலாம். பக்கத்தின் உச்சியில், ‘என்னைத் தொடர்புகொள்ள இங்கே வாருங்கள்’ என்று சொந்த முகவரியைக் காட்டி வைத்தால், வருகிறவர் வழி தெரியாமல் திரும்பமாட்டார்.

மறுபக்கமும் உண்டு

இதெல்லாம் ஏற்கனவே நாலு பேருக்குத் தெரிந்தவருக்கு சரி, பெயரே தெரியாத புதியவரை யார் தேடுவார்கள் என்ற கேள்வி நியாயமானது. சிபாரிசு இல்லாதவருக்கு, சபாக்களின் கதவு திறக்காதவருக்கு, செல்போன் ஒரு மேடை கொடுத்தது உண்மை. தங்கவயல் இளைஞருக்கு அந்த மேடை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அங்கே கிடைக்கிற பத்து ரசிகர்களில் இருவரையாவது தன் நோட்டுக்குக் கொண்டுவர அவர் முதல் நாளில் இருந்தே பழக வேண்டும்.

சொந்தத் தளமும் முழுக் காப்பு அல்ல. ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் முகவரி இன்னொருவருக்குப் போய்விடும். தேடுபொறியும் ஒரு கம்பெனியின் கையில்தான் இருக்கிறது. 2024-ம் ஆண்டு முதல் இந்தியாவிலும் கூகுள், பல கேள்விகளுக்கு செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தானே பதிலைத் தொகுத்து மேலே காட்டுகிறது. அதைப் படித்துவிட்டு, கீழே இருக்கும் பக்கத்துக்குள் நுழையாமலே போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, கடைசியில் மிகவும் நம்பத்தக்கது அந்த நோட்டும், நேரில் கேட்டவர் இன்னொருவரிடம் சொல்லும் நல்ல வார்த்தையும்தான்.

இதில் சங்கங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. வெளிமாநிலத் தமிழ் அமைப்புகள் ஆண்டுதோறும் விழா நடத்துகின்றன. மலர் வெளியிடுகின்றன. தங்கள் நகரத்தில் உள்ள தமிழ்க் கலைஞர்களின் பெயர், கலை, தொடர்பு நம்பர் அடங்கிய ஒரு பட்டியலைத் தயாரித்துத் தங்கள் இணையப் பக்கத்தில் வைத்தால், அதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒரு தவில்காரர் தினமும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய அவசியம் பாதி குறையும். அப்படி ஒரு பட்டியல் இருந்தால், மாரிக்குப்பம் ரெயிலில் வருகிற கானா பாடகர் அந்தப் பயண நேரத்தில் ஒரு புதுப் பாட்டையாவது பாடிப் பார்க்கலாம்.