லிஸ்ட்ல பேர் இல்லையே ஆச்சி!

2024 ஏப்ரல் 19. என் முதல் ஓட்டு. விரலில் மை வைத்த கையோடு செல்ஃபி எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிய கோஷ்டியில் நானும் ஒருவன் (கண்டுக்காதீங்க). ஆனால் அன்றைய தினத்தை நினைத்தால் என் ஓட்டு ஞாபகம் வருவதில்லை. எங்க ஆச்சி போடாத ஓட்டுதான் ஞாபகம் வருகிறது.

ஆச்சிக்கு அப்போது 78 வயது. கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நல்ல சேலை கட்டிக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பூத் சிலிப் அவளுக்கு மட்டும் வரவில்லை. "சிலிப் இல்லாட்டி என்னய்யா, கார்டு இருக்குல்லா" என்றாள். பழைய கறுப்பு வெள்ளை போட்டோ போட்ட கார்டு. வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று உள்ளே போனால், முதல் மேசையில் இருந்த அலுவலர் பட்டியலை இரண்டு முறை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "லிஸ்ட்ல பேர் இல்லையே ஆச்சி" என்றார்.

பூத் ஏஜெண்டுகள் இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். "சார், இவுக இந்த ஊருதான். நாங்க பொறக்குறதுக்கு முன்னாடியிருந்து இங்கதான் ஓட்டு போடுதாக" என்று ஒரே குரலில் சொன்னார்கள். (எங்கள் ஊரில் இரண்டு கட்சியும் ஒத்துப்போய் நான் பார்த்த ஒரே சம்பவம்.) அலுவலர் பாவம், "எனக்குப் புரியுதுங்க, பேர் இருந்தாத்தானே நான் விட முடியும்?" என்றார். இதில் கொடுமை என்னவென்றால், அதே பக்கத்தில் எங்க தாத்தா பேர் போட்டோவோடு இருந்தது. தாத்தா இறந்தது 2018-ல்.

"செத்தவுகளுக்கு ஓட்டு இருக்கு, இருக்கவளுக்கு இல்லியா?" ஆச்சி கோபமாகக்கூட கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நிற்க. அந்த அலுவலரை நான் குறை சொல்லப் போவதில்லை. எங்கிருந்தோ வந்த ஆசிரியர், முந்தின நாள் மதியத்திலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் கிடக்கிறார். பட்டியல் அவர் தயாரித்ததும் அல்ல. என் பிரச்சினை வேறு. அன்றைக்கு ஆச்சி அந்த அறைக்கு வந்துபோனாள் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டு ஆதாரம்கூட எங்கேயும் இல்லை.

நம்ம தேர்தல் விதிகளை ஒருமுறை படித்துப் பாருங்கள் (பரீட்சைக்குப் படிப்பதை விட சுவாரஸ்யம், சத்தியமாக). 1961-ம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளை எழுதியவர்கள் யாரையுமே நம்பவில்லை, அதுதான் அதன் அழகு. ஓட்டுப் போட்ட ஒவ்வொருவரும் 17-ஏ பதிவேட்டில் கையெழுத்திடணும். இவர் அவர் இல்லை என்று ஏஜெண்டுக்குச் சந்தேகமா? இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். ஆமாம், இரண்டே ரூபாய்தான். என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்களா? 'சர்கார்' படத்துக்குப் பிறகு 2018-ல் பிரபலமான அந்த 49-பி விதி: தனி வாக்குச்சீட்டு தருவார்கள், அது தனி உறைக்குள் போகும், பேர் 17-பி படிவத்தில் ஏறும். நான் அழுத்தினது ஒன்று, விவிபேட் சீட்டில் வந்தது வேறு என்றால் அதற்கும் எழுதிக் கொடுத்துச் சோதனை ஓட்டுப் போட வழி உண்டு (பொய் என்று தெரிந்தால் உள்ளே போகவேண்டி வரும், ஜாக்கிரதை). காலையில் வாக்குப்பதிவுக்கு 90 நிமிடம் முன்னால் ஏஜெண்டுகள் கண்முன்னே குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டணும். சாயங்காலம் மொத்தம் எத்தனை ஓட்டு என்று 17-சி படிவத்தில் எழுதி ஏஜெண்டுகளுக்குப் பிரதி தரணும்.

ஆக, எல்லாச் சந்தேகத்துக்கும் ஒரு படிவம் இருக்கிறது. பட்டியலில் பேர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு மட்டும் இல்லை. பிற்பாடு யாராவது "அந்த பூத்தில் எத்தனை பேர் ஓட்டுப் போட முடியாமல் திரும்பினார்கள்?" என்று கேட்டால் பதில் பூஜ்யம். நடக்காததால் பூஜ்யம் இல்லை, எழுதாததால் பூஜ்யம்.

2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு புரளி சுற்றியது. பட்டியலில் பேர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி 49-ஏ பிரிவில் 'சேலஞ்ச் ஓட்டு' கேளுங்கள், கட்டாயம் தருவார்கள் என்று. அப்பட்டமான பொய். சேலஞ்ச், டெண்டர் எல்லாமே பட்டியலில் பேர் இருப்பவருக்குத்தான். ஆனால் அந்தப் பொய் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது? ஜனங்களுக்கு நியாயமாகத் தோன்றுகிற ஒரு விதி உண்மையில் இல்லாத இடத்தில் பொய்யான விதி போய் உட்கார்ந்துகொண்டது.

அமெரிக்காவில் 2000-ம் வருட ஃபுளோரிடா கூத்துக்குப் பிறகு, 2002-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பட்டியலில் பேர் இல்லாதவர் தனக்குத் தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்தால் தற்காலிக வாக்குச்சீட்டு தருவார்கள். பிறகு சரிபார்த்து, தகுதி இருந்தால்தான் எண்ணுவார்கள். எத்தனை சீட்டு வாங்கினார்கள், எத்தனை தள்ளுபடி ஆனது என்ற கணக்கும் வெளியாகிறது. அவர்கள் ஊர்த் தேர்தலில் ஆயிரம் ஓட்டை, அது வேறு கதை. இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடத் தேவலாம்.

வகுப்பில் இதைச் சொன்னபோது நண்பன் ஒருவன், "மச்சி, மெஷினையே மாத்துறானுங்க, நீ லிஸ்ட்டைப் பத்திப் பேசுற" என்றான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லட்சக்கணக்கான சாவடிகளில் ஏஜெண்டுகள் கையெழுத்துப் போட்ட சீல்களுக்கு நடுவே ஊரோடு மொத்தமாக மாற்றுவது நடக்கிற காரியமாக எனக்குப் படவில்லை. 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றமும் பழையபடி வாக்குச்சீட்டுக்குப் போகவேண்டும் என்ற கோரிக்கையை நிராகரித்தது. ஆனால் என் நண்பனின் சந்தேகத்தை வளர்த்துவிடுவது யார் என்று பார்த்தால், பதில் சங்கடமானது.

நான் ஓட்டுப் போட்ட அன்றைய சாயங்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 72.09 சதவீத வாக்குப்பதிவு என்று இரவு ஏழு மணிவாக்கில் சொன்னார்கள். நள்ளிரவில் அது 69.46 ஆனது. அப்புறம் 69.72. முதலில் சொன்னது உத்தேசக் கணக்கு, சில சாவடிகளிலிருந்து செயலியில் வந்த தகவலை வைத்துச் சொன்னது என்று விளக்கம் வந்தது. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சாவடியிலும் சரியான எண்ணிக்கை அன்று சாயங்காலமே 17-சி-யில் மையால் எழுதப்பட்டுவிட்டதே! அதை வெளியிடச் சொல்லி வழக்கு போனபோது, ஏஜெண்டுகளைத் தவிர வேறு யாருக்கும் தரவேண்டிய சட்டக் கடமை இல்லை, படத்தை யாராவது மாற்றிவிடுவார்கள் என்று தேர்தல் ஆணையம் வாதாடியது. இடையில் உத்தரவு எதுவும் போட நீதிமன்றமும் மறுத்துவிட்டது. மறுநாளே, மே 25 அன்று, அதுவரை தேர்தல் நடந்த தொகுதிகளின் வாக்கு எண்ணிக்கையை ஆணையமே வெளியிட்டது. அதைக் கேட்டபோதே கொடுத்திருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்?

இதே பழக்கம்தான் திரும்பத் திரும்ப. ஹரியானா சாவடி வீடியோவைக் கேட்ட ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லி 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் விதியே திருத்தப்பட்டு, அந்த மாதிரிப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்ப்பதற்கான வழி அடைக்கப்பட்டது. 2025 மே மாதம், வழக்கு எதுவும் இல்லையென்றால் 45 நாளில் அழித்துவிடலாம் என்று ஆணையம் அறிவுறுத்தியது. வாக்காளரின் அந்தரங்கம் என்று காரணம் சொல்கிறார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று கட்சிக்காரன் தெரிந்துகொண்டு மிரட்டலாம் என்பது சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லைதான். அதற்காகக் கதவையே பூட்டணுமா?

"குறை இருந்தால் கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். எங்கள் மாவட்டத்து ராதாபுரத்தைக் கேளுங்கள். 2016-ல் அப்பாவு 49 ஓட்டில் இன்பதுரையிடம் தோற்றார். தலைமையாசிரியர் சான்றொப்பம் போட்டது செல்லாது என்று 203 தபால் ஓட்டுகளைத் தள்ளியிருந்தார்கள். அது செல்லும், மறுபடி எண்ணுங்கள் என்று உயர் நீதிமன்றம் சொல்ல மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. 2019 அக்டோபர் 4 அன்று எண்ணினார்கள். அதே நாளில் முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எண்ணிய எண்ணிக்கை உறைக்குள்ளேயே இருக்க, 2021-ல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது. வேட்பாளருக்கே இந்தக் கதி. ஆச்சி எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்?

2025-ல் வந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தையும் இங்கே சொல்லியாகணும். பீகாரில் வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பேர் காணாமல்போனார்கள். யார் யார், என்ன காரணம் என்று முதலில் வெளியிடவில்லை. ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் காரணத்தோடு பட்டியல் வெளியே வந்தது. தமிழ்நாட்டில் டிசம்பர் 19 அன்று வந்த வரைவில் சுமார் 97 லட்சம் பேர் குறைந்து, 6.41 கோடி 5.43 கோடியானது. அதில் பெரும் பகுதி இறந்தவர்களும் இடம் மாறியவர்களும் என்பதை நம்ப எனக்குக் கஷ்டமில்லை. எங்க தாத்தாவே சாட்சி. திருத்தமே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். ஒருவர் பேரை எடுப்பதற்கு முன் அவருக்குத் தெரிவித்து, அவர் பதிலைக் கேட்கணும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆச்சி வீட்டை விட்டு எங்கேயும் போனதில்லை. அவளுக்கு எந்த நோட்டீஸும் வரவில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. தற்காலிக வாக்குச்சீட்டெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒவ்வொரு சாவடியிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். திரும்பிப் போகிறவர் பேர், அட்டை எண், திருப்பி அனுப்பிய காரணம், அவர் கையெழுத்து அல்லது கைநாட்டு. சாயங்காலம் ஏஜெண்டுகள் அடியில் கையெழுத்துப் போடட்டும். எத்தனை பேர் என்பதை 17-சி எண்ணிக்கையோடு சேர்த்து அன்றைக்கே வெளியிடட்டும். ஒரு சாவடியில் மூன்று பேர் என்றால் தவறு, முந்நூறு பேர் என்றால் விவகாரம். எது என்று தெரிந்துகொள்ளவாவது எழுதி வைக்கணும் இல்லையா?

பி.கு.: 2024 தேர்தல் முடிந்ததும் ஆச்சிக்குப் புதிதாக ஆறாம் எண் படிவம் எழுதிக் கொடுத்தேன். 2025 டிசம்பர் வரைவுப் பட்டியலில் அவள் பேர் இருந்தது. கைப்பேசியில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் பேரைப் பார்த்தாள். அப்புறம் மேலேயும் கீழேயும் தேடிவிட்டு, "அவுக பேர எடுத்துட்டாகளா?" என்றாள். "ஆமா ஆச்சி" என்றேன். கொஞ்ச நேரம் கைப்பேசியைத் திருப்பித் தரவே இல்லை.