கணினியிடம் கேட்க வேண்டிய கேள்வி

2025ம் ஆண்டு பிப்ரவரி 14ம் தேதி, உக்ரைனின் செர்னோபில் அணு உலையை மூடியிருக்கும் மாபெரும் பாதுகாப்புக் கூரையை ஆளில்லா விமானம் ஒன்று தாக்கித் துளைத்தது. கூரையின் உட்புறத்தில் பற்றிய தீ பல நாட்கள் புகைந்துகொண்டிருந்தது. வானிலிருந்து வரும் மோதலை அணுமின் நிலையங்கள் தாங்குமா என்ற பழைய கேள்வி மீண்டும் நம் முன் நிற்கிறது.

இதற்கு விடையாகப் பலரும் காட்டும் ஒரு காட்சிப்பதிவு உண்டு. 1988ம் ஆண்டு ஏப்ரல் 19ம் தேதி, அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில், எஃப்-4 ஃபேண்டம் போர் விமானம் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 770 கி.மீ. வேகத்தில் கான்கிரீட் பாளத்தின் மீது மோதவிடப்பட்டது. விமானம் தூள் தூளானது. பாளத்தில் சில சென்டிமீட்டர் ஆழமே பள்ளம் விழுந்தது.

ஆனால், அந்தச் சோதனை சுவரின் வலிமையை நிரூபிக்க நடத்தப்பட்டதல்ல. பாளத்தின் தடிமன் 3.66 மீட்டர். அது தரையோடு பிணைக்கப்படாமல், நகரும்படி வைக்கப்பட்டிருந்தது. மோதும்போது எவ்வளவு விசை, எவ்வளவு நேரம் உண்டாகிறது என்று அளப்பதே நோக்கம். ஜார்ஜ் ரியேரா என்ற அறிஞர் 1968ல் தந்த கணக்கீட்டு முறையைச் சரிபார்க்கவும், பிற்காலக் கணினி ஆய்வுகளுக்கு அடித்தளமாகவும் அந்த அளவீடுகள் பயன்பட்டன.

கணினியில் சுவரும் விமானமும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் எப்படி நசுங்கும், விரிசல் விடும் என்று கணக்கிடப்படுகிறது. இது பயனுள்ள அறிவியல்தான். 2002ம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்க அணுமின் தொழில்துறை அமைப்பின் சார்பில் நடந்த ஆய்வு, போயிங் 767 விமானம் மோதினாலும் உலைக் கட்டிடம் உடையாது என்றது. மக்களுக்குக் கிடைத்ததோ சுருக்கம் மட்டுமே. பாதுகாப்பைக் காரணம் காட்டி முழு விவரங்கள் வெளியிடப்படவில்லை.

இங்குதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நியூயார்க் இரட்டைக் கோபுரங்களைக் கட்டியவர்களும் போயிங் 707 விமானம் மோதினால் என்னவாகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 2001 செப்டம்பர் 11ல் கோபுரங்கள் மோதலைத் தாங்கின. ஆனால், அதைத் தொடர்ந்த தீயை அவற்றால் தாங்க இயலவில்லை. தென் கோபுரம் 56 நிமிடங்களிலும், வட கோபுரம் 102 நிமிடங்களிலும் சரிந்தன. ஃபுக்குஷிமாவில் 2011ல் எந்த விமானமும் மோதவில்லை. மின்சாரம் நின்றது, குளிர்விக்க வழியில்லை, உலைகள் உருகின. சுவர் நிற்பது வேறு, மக்கள் பாதுகாப்பாக இருப்பது வேறு.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2009ல் கொண்டுவந்த விதி இதை ஓரளவு உணர்ந்தது. மோதலுக்குப் பின் உலை குளிர்விக்கப்படுமா, பயன்படுத்திய எரிபொருள் வைத்திருக்கும் குளம் என்னவாகும் என்றும் ஆராயக் கேட்டது. ஆனால், அவ்விதி புதிய உலைகளுக்கானது. அதற்கு முன் கட்டப்பட்டு இயங்கிவந்த உலைகளுக்கு அல்ல.

சுவரின் பலவீனம் எங்கே என்பதைத் தாக்க நினைப்பவருக்குச் சொல்லக் கூடாது என்பது நியாயமே. விடைகளை மறைக்கலாம், கேள்விகளை மறைக்க வேண்டியதில்லை. எந்த விமானம்? எந்த வேகம்? தீயைக் கணக்கில் எடுத்தார்களா? மின்சாரத்தையும் நீரையும் எண்ணினார்களா? தொழில்துறையைச் சாராத யார் அதைச் சரிபார்த்தார்கள்? கணினி பொய் சொல்வதில்லை. ஆனால், கேட்டதற்கு மட்டுமே அது பதில் சொல்லும். கேட்கும் பொறுப்பு மனிதருடையது. அணு உலைகளின் அருகே பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு அந்தக் கேள்விகளையாவது அறியும் உரிமை உண்டு அல்லவா?