விதியைத் தளர்த்தியவர் யார்?

2025-ம் வருஷம் டிசம்பர் மாதத்தின் முதல் வாரத்தில் நாடெங்கும் விமான நிலையங்களில் ஏற்பட்ட அல்லோலகல்லோலத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் சென்றுகொண்டிருந்த இண்டிகோ கம்பெனி, டிசம்பர் 5-ந் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணங்களை ரத்து செய்தது. ஒரு வாரம் சென்றதும், சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் காரியாலயம் அக்கம்பெனியைக் கண்காணித்து வந்த தன் பரிசோதகர்கள் நால்வரை வேலையிலிருந்து நீக்கியது. நால்வர் போனதோடு ஜனங்களின் கோபமும் தணிந்துவிட வேண்டும் என்பது அதிகாரிகளின் எண்ணம் போலும்! அந்நால்வரும் தம் கடமையைச் செவ்வனே செய்தார்களா என்று தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. ஆனால், எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற கேள்வியைக் கேட்காமல் இருக்கவும் நம்மால் இயலவில்லை.

விமானப் பரிசோதகரின் உத்தியோகம் எத்தகையது? பிரயாணிகளின் கண்ணில் அவர் படுவதே அரிது. விமானிகளுக்குப் பின்னால் உள்ள உபரி ஆசனத்தில் அமர்ந்து அவர்கள் தொழில் செய்யும் விதத்தைக் கவனிப்பவர் ஒருவர். தரையில் நிற்கும் விமானத்தின் சக்கரத்தையும் இயந்திரத்தையும் பழுதுபார்த்த குறிப்புப் புத்தகத்தையும் ஒத்துப் பார்ப்பவர் மற்றொருவர். விமானிகள் எத்தனை மணி நேரம் பறந்தார்கள், எத்தனை மணி நேரம் இளைப்பாறினார்கள் என்று கம்பெனியின் கணக்கைப் புரட்டிப் பார்ப்பதும் இவ்வேலையில் அடங்கும். 1944-ம் வருஷத்தில் சிக்காகோ நகரில் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தத்தின்படி, தன்னிடம் பதிவான விமானம் பறக்கத் தகுதியுள்ளது என்று அத்தாட்சி அளிக்கும் பொறுப்பு ஒவ்வொரு சர்க்காரையும் சேர்ந்தது. அந்தச் சர்க்காரின் கண்ணும் கையுமாக இருப்பவரே பரிசோதகர்.

விமானியின் உறக்கத்தைச் சர்க்கார் கணக்கிடுவானேன் என்று சிலர் நகைக்கக்கூடும். 2010-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் பள்ளத்தில் விழுந்து எரிந்து 158 பேர் மாண்டனர். தலைமை விமானி வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உறங்கியிருந்தார் என்றும், விழித்த பின்னும் மயக்கம் தெளியாமல் தவறு செய்தார் என்றும் விசாரணைக் கோர்ட்டு கண்டது. இளைப்பாறும் விதி என்பது விமானிகளுக்குக் காட்டும் சலுகையன்று. அது பிரயாணிகளின் பிராணனுக்குப் போட்ட வேலி.

அவ்வேலிக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக வேண்டும், இரவில் தரையிறங்கும் தடவைகள் இரண்டுக்கு மேற்படக்கூடாது என்ற புது விதிகள் 2024 ஜனவரியிலேயே பிரசுரமாயின. அவ்வருஷம் ஜூன் முதல் தேதி அமலுக்கு வரவேண்டியவை, கம்பெனிகள் அவகாசம் கேட்டதால் ஒத்திப்போடப்பட்டன. விமானிகள் சங்கத்தார் டில்லி ஹைக்கோர்ட்டில் வழக்காடிய பின்னரே 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு தவணையாக அமலாயின. விதி இறுகினால் விமானிகள் கூடுதலாக வேண்டும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க, அந்தக் குளிர்காலத்திற்கு இண்டிகோ கம்பெனி வாரம் 15,014 பயணங்கள் நடத்த இதே காரியாலயம் அனுமதி கொடுத்தது. இது அதற்கு முந்திய கோடைக்கால அட்டவணையைவிடச் சுமார் 6 சதவிகிதம் அதிகம். விமானிகள் போதாமல் பயணங்கள் நின்றதும், 2026 பிப்ரவரி 10-ந் தேதி வரை இரவு வேலை பற்றிய சில விதிகளிலிருந்து அக்கம்பெனிக்கு விலக்கும் கொடுத்தது. அட்டவணைக்கு அனுமதி தந்தது மேலிடம். விதியை ஒதுக்கி வைத்ததும் மேலிடம். வேலை இழந்தவர்கள் மட்டும் கீழுள்ள நால்வர்!

இது டில்லி விவகாரம், நமக்கென்ன என்று விருதுநகரிலும் சிவகாசியிலும் உள்ளவர்கள் கருத வேண்டாம். பரிசோதகர் என்றால் யார், அவர் கைகட்டி நின்றால் என்ன நேரும் என்பதை நம் ஜில்லாவைவிட நன்கு அறிந்த இடம் வேறில்லை. இங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டாசுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மருந்து வேலை நடக்கும் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. லைசென்ஸ் பெற்றவர் அறைகளைப் பிறருக்கு உள்குத்தகைக்கு விடலாகாது என்பதும் விதி. தீபாவளி நெருங்க நெருங்க இவ்விதிகள் என்னவாகின்றன என்று ஊரார் அறிவார்கள். 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் கருகி மாண்டனர். அத்தொழிற்சாலையின் லைசென்ஸை நிறுத்திவைக்க முந்தின நாளே உத்தரவாகியிருந்தது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. உத்தரவு காகிதத்தில் இருந்தது. தொழிலாளிகள் அறைக்குள் இருந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் மீண்டும் வெடித்து இருபது பேர் வரை மாண்டபோதும் உள்குத்தகை என்ற பழைய கதையே வெளிவந்தது. பட்டாசுக்குத் தீபாவளி போல விமானத்துக்கும் ஒரு பருவம் உண்டு. பருவம் வந்ததும் விதி வழிவிட வேண்டும் என்ற மனப்பான்மை இரண்டிலும் ஒன்றே.

பரிசோதகர்களின் தொகையையும் கவனிப்போம். விமானக் காரியாலயத்தில் அங்கீகரிக்கப்பட்ட 1,063 தொழில்நுட்ப ஸ்தானங்களில் 553 மட்டுமே நிரம்பியிருந்தன என்று 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டுக் கமிட்டி எடுத்துக் காட்டியது. ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் மாண்ட இரண்டு மாதத்திற்குப் பிறகு வந்த கணக்கு இது. அந்த விபத்தின் காரணத்தை நாம் இங்கே ஆராயவில்லை. அதற்குப் பின்னும் நாற்காலிகளில் ஏறக்குறைய பாதி காலியாகக் கிடந்ததையே சொல்லுகிறோம். 2014 ஜனவரியில் அமெரிக்க விமான அதிகாரிகள் நம் நாட்டின் கண்காணிப்பு போதாதென்று தரத்தை இறக்கினார்கள். அப்போது மந்திரிசபை அவசர அவசரமாக 75 பரிசோதகர்களை நியமிக்க அனுமதித்தது. மறு வருஷம் ஏப்ரலில் தரம் திரும்பக் கிடைத்தது. அந்நியன் கண்டித்தால் அசையும் சர்க்கார், சொந்த ஜனங்களின் பிராணனுக்காக அசையலாகாதா?

பயணங்கள் நின்றபோது லக்ஷக்கணக்கானோர் தவித்தனரே, விதியைத் தளர்த்தாமல் வேறென்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் தவித்தது வாஸ்தவம். ஆயினும் அத்தவிப்பு விதியால் விளைந்ததன்று. இரண்டு வருஷ அவகாசம் கிடைத்தும் விமானிகளைச் சேர்த்துக்கொள்ளாத கம்பெனியாலும், அதைக் கேட்காமல் அட்டவணைக்கு அனுமதி தந்த அதிகாரத்தாலும் விளைந்தது. பெரிய கம்பெனி தன் அஜாக்கிரதையையே காரணமாகக் காட்டிச் சட்டத்தை வளைக்கலாம் என்று ஒரு முறை ஏற்பட்டுவிட்டால், மறுமுறை எந்தப் பரிசோதகர் குற்றத்தைத் துணிந்து எழுதுவார்?

வெள்ளையன் 1934-ல் செய்த விமானச் சட்டத்தை நீக்கி, பாரதிய வாயுயான் அதிநியம் என்ற புதுப் பெயருடன் சுதேசிச் சட்டம் 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. வாயில் நுழையாத பெயர் கிடைத்ததே தவிர, பரிசோதகருக்குப் பலம் கிடைக்கவில்லை. சுயராஜ்யத்தில் அதிகாரியின் முதலாளி மந்திரியுமல்ல, கம்பெனியுமல்ல, பொதுஜனங்களே. ஆகையால் அவர்கள் பெயரால் நாம் கேட்பது மூன்று. ஒப்பந்தக் கூலிக்கு வந்து பின்னர் கம்பெனிக்கே திரும்பும் ஆட்களை நம்பாமல், நல்ல சம்பளத்தில் நிரந்தரப் பரிசோதகர்களைக் கொண்டு காலி ஸ்தானங்கள் நிரப்பப்பட வேண்டும். கண்காணிப்புக் காரியாலயம் மந்திரியின் தயவிலிருந்து விடுபட்டுப் பார்லிமெண்டுக்கே பதில் சொல்ல வேண்டும். எந்த விதிக்கு எவர் விலக்களித்தாலும், அவர் பெயரும் காரணமும் அன்றைய தினமே பிரசுரமாக வேண்டும்.

தேசத்தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. விபத்து நடந்த இடத்தில் மலர்வளையம் வைப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. விபத்து நடக்காத நாளில், எத்தனை பரிசோதகர்கள் இருக்கிறார்கள், என்ன கண்டார்கள், கண்டதன்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று இடைவிடாது கேட்க வேண்டும். மதுரையில் விமானம் ஏறும் வியாபாரிக்கும், விடியற்காலையில் மருந்து அறைக்குள் நுழையும் கூலிப் பெண்ணுக்கும் காவல் ஒருவரே: பயமின்றிக் கையெழுத்திடும் பரிசோதகர். அவர் எழுதிய தடையை எந்த மேலிடமும் இரவோடிரவாக அழிக்க முடியாத நிலையை உண்டாக்குவதே நாம் செய்ய வேண்டிய வேலை.