பாதியாகும் வெகுமதி, மீதியாகும் கேள்வி

2009-இல் பிட்காயின் தொடங்கியபோது, பரிவர்த்தனைகளைச் சரிபார்த்துப் பேரேட்டில் பதியும் 'மைனிங்' பணிக்கு, ஒரு தொகுதிக்கு 50 நாணயங்கள் வெகுமதியாகக் கிடைத்தன. 2,10,000 தொகுதிகளுக்கு, அதாவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, இது பாதியாகும் என்பது விதி. 2024 ஏப்ரலில் 3.125 ஆனது, அன்றாடப் புதிய வரத்து சுமார் 900-லிருந்து 450 ஆகச் சுருங்கியது.

மொத்த நாணயங்கள் 2.1 கோடியைத் தாண்டா என்பதையே பலரும் விலையேற்றத்துக்கான உத்தரவாதமாகக் கொள்கின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. வழங்கல் விதி மாறாத 2022-இலும் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. தேவை குன்றினால் அரிய பொருளும் மலிவாகும்.

பேரேட்டைக் காப்பவையோ வெகுமதிக்காக மின்சாரம் செலவிடும் கணினிகள். வெகுமதி தேயத் தேய, பயனர்கள் செலுத்தும் கட்டணமே காவல் கூலியாக வேண்டும். அது போதாவிடில் காவல் தளரும். எனவே, எத்தனை நாணயங்கள் எஞ்சியுள்ளன என்பதைவிட, காவலுக்கு யார் செலவழிப்பார் என்பதே முதலீட்டாளர் கேட்க வேண்டிய கேள்வி.