நாமே திருத்துவோம்

தொழினுட்பம் கற்கும் நம்மில் பலர், தாம் உருவாக்கிய செயலியைப் பரீட்சிக்க அன்ட்ரொயிட் எமியுலேட்டரை நாடுகிறோம். கணினிக்குள் ஒரு கைப்பேசியை இயக்கிக் காட்டும் மென்பொருள் அது. அது நத்தையாய் நகர்ந்தால் "புதுக் கணினி வேண்டும்" என்கிறோம்; அல்லது "நானா வந்து பார்க்கட்டும்" என்று ஒதுங்குகிறோம். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

புரொசசர்களில் மெய்நிகராக்க வசதியை இன்டெல் 2005இலும் ஏ.எம்.டி. 2006இலும் சேர்த்துவிட்டன. ஆயினும் பல கணினிகளில் அது பயோஸில் முடக்கப்பட்டே கிடக்கிறது. விண்டோஸ் டாஸ்க் மனேஜரின் பர்ஃபோமன்ஸ் பக்கத்தில் 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரியைப் பாருங்கள். முடங்கியிருந்தால் பயோஸில் இயக்கிவிடலாம். பாடசாலைக் கணினியாயின் ஆசிரியையின் அனுமதியோடு செய்யுங்கள்.

அடுத்தது தெரிவு. இன்டெல், ஏ.எம்.டி. கணினிகளில் ஏ.ஆர்.எம். வகை அன்ட்ரொயிட்டை ஓட்டினால் ஒவ்வொரு கட்டளையும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். வேகம் எங்கிருந்து வரும்? எக்ஸ்86 வகையே பொருத்தம். வேண்டாத பிரவுசர் பக்கங்களை மூடினால் நினைவகமும் மிஞ்சும்.

4 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள கணினிக்கு எமியுலேட்டர் பெருஞ்சுமைதான். அதற்காகப் பெற்றோரைக் கடனாளியாக்க வேண்டாம். வீட்டிலுள்ள அன்ட்ரொயிட் கைப்பேசியைக் கேபிளால் இணைத்து, யூ.எஸ்.பி. டிபக்கிங்கை இயக்கி, செயலியை அதிலேயே ஓட்டலாம்.

செயலி எழுதத் தெரிந்த மாணவிக்கு, அதை ஓட்டும் கணினியைச் சீர்செய்வது மட்டும் ஆண்பிள்ளைகளின் வேலையாகிவிடுமா? சகோதரிகளே, அடுத்த முறை கணினி திணறும்போது நானாவை அழைக்குமுன் நீங்களே ஒரு தடவை பாருங்கள்.