பாம்பைத் தொடாமலும் ஊர் திரும்பலாம்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை விடமாட்டேன் என்று அந்தக் காலத்தில் நீங்கள் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்ததுதான். ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென் அமெரிக்கப் புல்வெளிகளைப் பார்க்க முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் பிள்ளைகள் தாராளமாகப் போகட்டும். ஆனால் அங்கே அனகோண்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு எடுத்து அனுப்பும் படத்துக்கு நாம் கைதட்டக் கூடாது.

சென்ற வாரம் நம் குடும்பக் குழுவில் அப்படி ஒரு காணொளி வந்தது. பொலிவியாவில் பயணம் செய்துகொண்டிருக்கும் நம் பிள்ளை ஒருவன், ஆளுயரத்துக்கும் நீளமான பாம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறான். கீழே நாற்பதுக்கும் மேற்பட்ட பாராட்டுகள். "நம் வீட்டுச் சிங்கம்" என்று சித்தப்பா எழுதியிருக்கிறார். என் மாணவர்கள் சிலரும் தங்கள் பிள்ளைகள் அடுத்த விடுமுறைக்கு அங்கேதான் போகிறார்கள் என்று மகிழ்ச்சியோடு தெரிவித்தார்கள். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. சொந்தச் சம்பாத்தியத்தில் உலகம் பார்க்கிறான். அவன் பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவனைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவனைப்போல் அடுத்தடுத்துப் போகிறவர்களுக்கு, நம் கைதட்டல்தான் எதைச் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறது. அதைத்தான் பேச வருகிறேன்.

முதலில் கொஞ்சம் புவியியல். சவானா என்றால் ஆப்பிரிக்கா என்றே பலரும் நினைக்கிறோம். தென் அமெரிக்காவிலும் பெரிய வெப்பமண்டலப் புல்வெளிகள் இருக்கின்றன. ஒரினோகோ ஆற்றுப் படுகையில் வெனிசுவேலாவும் கொலம்பியாவும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் சமவெளிக்கு 'யானோஸ்' என்று பெயர். பொலிவியாவின் வடகிழக்கில் 'யானோஸ் தே மோகோஸ்' இருக்கிறது. பிரேசிலில் பெரும்பகுதியும் பொலிவியா, பராகுவேயில் சிறு பகுதியுமாக விரிந்திருப்பது பாண்டனல். இந்த மூன்றும் பாதி ஆண்டு நீருக்கடியிலும் பாதி ஆண்டு வெயிலிலும் கிடக்கும் நிலங்கள். மழைக்காலத்தில் ஆறு கரை தாண்டிப் புல்வெளி முழுவதும் ஏரியாகிவிடும். கோடையில் அந்த நீரெல்லாம் வற்றி, அங்கங்கே சில குட்டைகள் மட்டும் மிஞ்சும்.

முதுகுப்பைப் பயணிகளுக்கு இதில் பெயர்பெற்ற ஊர் பொலிவியாவில் பெனி ஆற்றங்கரையில் இருக்கும் ருர்ரெனபாக்கே. 1981-ல் யோசி கின்ஸ்பெர்க் என்ற இஸ்ரேலிய இளைஞர் அந்தப் பக்கத்துக் காட்டில் வழி தவறி, மூன்று வாரம் தனியாக அலைந்து உயிர்பிழைத்தார். அவர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு இளைஞர்கள் அந்த ஊரைத் தேடி வரத் தொடங்கினார்கள். 2017-ல் அந்தக் கதை 'ஜங்கிள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. இப்போது அங்கே வழக்கமான பயணம் மூன்று பகல், இரண்டு இரவு. ஜீப்பில் சாந்தா ரோசா வரை போய், அங்கிருந்து நீளமான ஒடுக்கப் படகில் யாக்கூமா ஆற்றில் போவார்கள். கரையில் கேப்பிபாரா கூட்டம், கெய்மன் முதலைகள், மரத்தில் அணில் குரங்குகள், நீரில் இளஞ்சிவப்பு ஓங்கில்கள். பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. இவ்வளவு விலங்குகள் ஒரே இடத்தில் எப்படிக் கண்ணில் படுகின்றன?

கோடையில் நீர் வற்றுகிறது. பரந்த வெளியில் சிதறியிருந்த உயிர்கள் எல்லாம் மிஞ்சிய நீரைத் தேடி ஆற்றோரத்துக்கும் குட்டைக்கும் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இதைத்தான் 'விலங்குகளைப் பார்க்கச் சிறந்த காலம்' என்று பயண ஏடுகளில் போடுகிறார்கள். நமக்குக் காட்சிக் காலம், அவற்றுக்குப் பஞ்ச காலம். அந்தப் பஞ்சம் எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 2014-ல் கொலம்பியாவின் காசனாரே பகுதியில் கோடை முற்றியபோது, குட்டைகள் காய்ந்து ஆயிரக்கணக்கான கேப்பிபாராக்கள் சேற்றில் செத்துக் கிடந்தன. அப்படிப்பட்ட பருவத்தில் நாம் படகில் போய், இருக்கிற கொஞ்ச நீரிலிருந்து ஒரு உயிரைப் பிடித்து இழுத்து, பத்துப் பேர் கைமாற்றிப் படம் எடுத்துவிட்டுப் போட்டுவிட்டு வருகிறோம்.

அனகோண்டாவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். வெனிசுவேலாவின் யானோஸில் ஹெசூஸ் ரிவாஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் இந்தப் பாம்பை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பெண் பாம்பு ஆணைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு எடை உள்ளது. அது முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. இணை சேர்வது கோடையில். சினைக் காலம் ஆறு ஏழு மாதம், அந்தக் காலம் முழுவதும் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. ஆகவே, "பெரிய பாம்பாகக் காட்டுங்கள்" என்று நாம் வழிகாட்டியிடம் கேட்டால், அநேகமாகப் பெண் பாம்பைத்தான் கேட்கிறோம். அது சினையாகவும் இருக்கலாம். அப்போதுதான் இரை விழுங்கிய பாம்பாக இருந்தால் இன்னொரு துன்பம். மிரண்ட பாம்பு தப்பி ஓடுவதற்காக விழுங்கியதைக் கக்கிவிடும். நமக்கு ஒரு படம்; அதற்குப் பல நாள் சாப்பாடு போயிற்று.

"ஆராய்ச்சியாளர்கள் மட்டும் பிடிக்கலாமா?" என்று வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து கேட்கிற பிள்ளை இப்போதும் கேட்பான். நல்ல கேள்வி. ரிவாஸும் அவர் குழுவினரும் வெறுங்காலால் சேற்றைத் துழாவித்தான் பாம்புகளைக் கண்டுபிடித்தார்கள். பிடித்தார்கள், அளந்தார்கள், விட்டார்கள். அந்த உழைப்பால்தான் மேலே நான் எழுதியதெல்லாம் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் பாடத்துக்காக ஒரு முறை பாம்பைத் தொந்தரவு செய்தாயிற்று. நாம் தொடுவதால் புதிதாக யாருக்கும் எந்தப் பாடமும் கிடைக்கப்போவதில்லை.

அறிவுக்காகச் செய்வதிலும் காலத்துக்குக் காலம் அளவுகோல் மாறுகிறது. 1800-ல் ஹம்போல்ட் யானோஸ் சமவெளி வழியாகப் போனார். மின்விலாங்கு மீன்களை ஆராய வேண்டும் என்று கலபோசோ ஊர்க்காரர்களிடம் கேட்டார். அவர்கள் சுமார் முப்பது குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் குட்டைக்குள் விரட்டினார்கள். மீன்கள் மின்சாரத்தைச் செலவழித்து ஓய்ந்த பிறகு பிடித்தார்கள். முதல் சில நிமிடங்களிலேயே இரண்டு குதிரைகள் மூழ்கிச் செத்தன என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். பெரிய மேதை. ஆனாலும் இன்று எந்த அறிவியலாளரும் அப்படிச் செய்யத் துணியமாட்டார். அறிவியலே அவ்வளவு தூரம் திருந்தியிருக்கும்போது, சுற்றுலா போகிறவர்கள் திருந்தக் கூடாதா?

"தொடவில்லை, பக்கத்தில் போய்ப் பார்த்தால் என்ன?" என்று அடுத்த கேள்வி வரும். ஓட்சின் என்று ஒரு பறவை உண்டு. இலை தின்னும் பறவை. அதன் குஞ்சுக்கு இறக்கையில் நகம் இருக்கும். பயந்தால் கூட்டிலிருந்து நீரில் குதித்துவிட்டு, பிறகு நகத்தால் பற்றி ஏறி வரும். ஈக்வடாரின் குயபேனோ காப்பகத்தில் இந்தப் பறவையை ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் இடத்தில் இருந்த குஞ்சுகளில் பிழைத்தவை குறைவு. அவற்றின் உடம்பில் அச்சத்தால் உண்டாகும் மாற்றமும் அதிகம். அங்கே யாரும் குஞ்சைப் பிடிக்கவில்லை. பார்க்கத்தான் போனார்கள். ஆகவே கையை அடக்கினால் மட்டும் போதாது, தூரத்தையும் காக்க வேண்டும்.

இன்னொரு பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். அங்கே வாழும் மக்களுக்குப் பிழைப்பு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அந்தப் புல்வெளி தலைமுறை தலைமுறையாக மாடு மேய்ப்பவர்களின் நிலம். பால் கறக்கும்போதும் மந்தையை ஓட்டும்போதும் அவர்கள் மாட்டைப் பார்த்துப் பாடுகிற பாட்டுகளை, உடனே காக்க வேண்டிய மரபு என்று 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. வெனிசுவேலாவில் தவக்காலத்தில் கேப்பிபாரா இறைச்சி உண்பது நெடுநாள் வழக்கம். பயணிகள் பிரான்யா மீனைத் தூண்டிலில் பிடித்துப் பொரித்துத் தின்பதையும் நான் குறை சொல்லவில்லை. தின்பதற்குப் பிடிப்பது வேறு, காட்டுவதற்குப் பிடிப்பது வேறு.

பிழைப்புக் கணக்கைப் பார்த்தாலும் விலங்கை அதன் பாட்டில் விடுவதே லாபம். பாண்டனலின் வடபகுதியில் ஜாகுவார் பார்க்க வருகிறவர்களால் ஆண்டுக்கு 68 லட்சம் டாலர் வருமானம் வருகிறது என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே பகுதியில் ஜாகுவார் அடித்துத் தின்னும் மாடுகளால் ஏற்படும் இழப்பு ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர் அளவுதான். மாட்டைத் தின்கிறது என்று சுட்டுக்கொன்ற விலங்கே இன்று சோறு போடுகிறது. அந்த ஜாகுவாரை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. படகில் உட்கார்ந்து தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். அதற்கே இவ்வளவு பணம் கொடுக்கிறார்கள் என்றால், தொட்டால்தான் கூட்டம் வரும் என்ற பேச்சில் பொருளில்லை.

வழிகாட்டியின் மேல் எனக்குக் கோபமில்லை. நாலு கடை ஏறி இறங்கி, மிகக் குறைந்த விலைக்குப் பேசி முடிக்கிறோம். அந்த விலையில் அவருக்குக் கூலி என்ன மிஞ்சும்? கடைசி நாளில் கிடைக்கும் அன்பளிப்பை நம்பியிருக்கிறார். பாம்பு காட்டினால் அன்பளிப்பு, காட்டாவிட்டால் முகச்சுளிப்பு. அப்புறம் அவர் சேற்றில் இறங்காமல் என்ன செய்வார்? தொடக் கூடாது என்று சொல்லும் நிறுவனங்களும் அங்கே இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகிறவர்கள் கூடினால்தான் அந்த விதி நிற்கும்.

2020-ல் எரிந்த தீயில் பாண்டனலில் ஏறக்குறைய ஒரு கோடியே எழுபது லட்சம் முதுகெலும்புள்ள உயிர்கள் மாண்டன என்று அறிவியலாளர்கள் மதிப்பிட்டார்கள். அதன் முன்னால் ஒரு பாம்பைத் தூக்கிய படம் பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். அந்தத் தீயை அணைக்க நம்மால் ஆகாது. நம் கையை மடக்கிக்கொள்ள நம்மால் ஆகும். முடிகிறதைச் செய்யாமல் முடியாததைக் காட்டித் தப்பிப்பதை நான் வகுப்பிலும் ஏற்றுக்கொண்டதில்லை.

போகிற பிள்ளைகளுக்கு நான்கே நான்கு குறிப்புகள். பெற்றோர் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்று, பணம் கட்டும் முன் "விலங்கைப் பிடித்துக் காட்டுவீர்களா, தீனி போடுவீர்களா?" என்று கேளுங்கள். பெருமையாக "ஆமாம்" என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

இரண்டு, மிகக் குறைந்த விலையைத் தேடாதீர்கள். விமானத்துக்கு அவ்வளவு செலவழித்துவிட்டு, வழிகாட்டியின் கூலியில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மூன்று, ஆற்றில் இறங்குவதாக இருந்தால் கொசு மருந்தையும் வெயில் பசையையும் கழுவிவிட்டு இறங்குங்கள். அது கரைவது மற்ற உயிர்கள் குடிக்கும் நீரில்.

நான்கு, இதுதான் முக்கியம். முதல் நாள் காலையிலேயே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்: "எங்களுக்கு எதையும் பிடித்துக் காட்ட வேண்டாம். ஒன்றும் கண்ணில் படாவிட்டாலும் உங்களுக்கு உரிய அன்பளிப்பு உண்டு." இந்த இரண்டு வாக்கியம் சொன்னால், அவர் சேற்றில் இறங்க வேண்டியதில்லை, பாம்பும் தன் இடத்தில் இருக்கும்.

ஊரில் இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை குழுவில் அப்படி ஒரு படம் வந்தால், பிள்ளையைத் திட்ட வேண்டாம். "பத்திரமாக இருக்கிறாயா? அங்கே வேறு என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். தூரத்தில் புள்ளியாகத் தெரியும் பறவையின் மங்கலான படத்தை அனுப்பினால், அதற்கு இரண்டு மடங்கு பாராட்டுங்கள்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன். சித்தப்பாவும் எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்